இரண்டாம் தண்ணீர்

மண்ணைக் கண்டால் பாலுசாமியின் கை சும்மா இருக்காது. அதை அவர் குற்றம் என்று சொல்ல முடியாது. முப்பது வருடமாக நீலம்பூரில் புகையிலை நாற்றும் மிளகாய் நாற்றும் விட்டு, சுற்றுவட்டாரத் தோட்டங்களுக்கெல்லாம் கொடுத்த கை அது. எந்தப் பாத்தியைக் கடந்தாலும் குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளும், இறுக்கும், விரலைத் திறந்து பார்க்கும். உருண்டை நிற்க வேண்டும், கட்டைவிரலால் தட்டினால் உதிர வேண்டும். நிற்காவிட்டால் தண்ணீர் விடவேண்டிய நேரம் என்று அர்த்தம். கலியாண வீட்டுக்குப் போனாலும் பந்தக்கால் வாழையின் அடிமண்ணைக் கிள்ளிப் பார்த்துவிட்டுத்தான் மாப்பிள்ளையைப் பார்ப்பார். அவர் மனைவி மயிலாத்தாள் இதற்காக அவரை நாலு பேர் நடுவில் எத்தனையோ தடவை முறைத்திருக்கிறாள்.

அப்பேர்ப்பட்ட கையில் ஒரு டின்னைக் கொடுத்து, "தண்ணி மட்டும் காட்டிப்போடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் பம்பாய்க்கு ரயில் ஏறிய வெங்கடபதியை என்ன சொல்வது? படித்தவர்களுக்குத்தான் இந்த மாதிரி யோசனையெல்லாம் வரும்.

வெங்கடபதி, வேலிக்கு அந்தப்பக்கம் இருந்த நூல் மில்லின் இளைய முதலாளி. நாற்பது வயது. இரண்டு வீடுகளுக்கும் நடுவே ஆறு வருடம் கோர்ட்டில் வழக்கு நடந்தது. மில்காரர்கள் வேலியை ஒட்டி ஆழக் கிணறு வெட்டி மோட்டார் வைத்தார்கள், பாலுசாமியின் கிணற்றில் தண்ணீர் படி படியாக இறங்கியது. வெங்கடபதியின் அண்ணன் சென்னகேசவன் விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை. பாலுசாமியும் அப்படித்தான். ஒரு வைகாசியில் இளையவர் மட்டும் ஒரு துணி வலையும் கண்ணாடிப் போத்தலுமாக வேலியைத் தாண்டி வந்து, "ஏனுங்ணா, உங்க கெணத்துல நெத்தியில வெள்ளிப் பொட்டு வெச்ச மீனு இருக்குதாமுங்க. நாலு புடிச்சுக்கட்டுங்களா?" என்று கேட்டார். ஆறு வருடம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவர்! பாலுசாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தானே படியில் இறங்கிப் பிடித்துக் கொடுத்தார்.

அதற்கு இங்கிலீஷ் புத்தகத்தில் கில்லி மீன் என்று பெயராம். வெங்கடபதி வீட்டுக் கண்ணாடித் தொட்டிகளில் அந்தச் சாதியில் பல தினுசு இருந்தன. பழக்கம் வளர்ந்தது. கடைசியில் வெங்கடபதி அண்ணனோடு மல்லுக்கட்டி ஒரு சமாதானம் கொண்டுவந்தார். காலை ஆறு மணியிலிருந்து பன்னிரண்டு மணி வரைக்கும் மில் மோட்டார் ஓடாது. அந்த ஆறு மணி நேரத்தில் ஊறுகிற தண்ணீர்தான் பாலுசாமியின் தோட்டம். எழுத்தில் ஒன்றும் இல்லை. வெங்கடபதியின் வாய்ச்சொல் ஒன்றுதான் இருந்தது.

1964-ஆம் வருடம், சித்திரைக் கடைசியில்தான் அந்த டின் வந்தது. பிஸ்கட் டின். மேலே மெழுகுத்தாள் வைத்து மூடி, மில் நூலால் குறுக்கும் நெடுக்கும் கட்டியிருந்தது.

"உள்ள இருக்கறது தேங்காய் நார்த்தூளுங்ணா. அதுக்குள்ள முட்டை இருக்குதுங்க. கடுகுல பாதி கூட இருக்காது."

"மீன் முட்டை தண்ணியில கெடக்காம டின்னுக்குள்ள கெடக்குமுங்களா தம்பி?"

"இது ஆப்பிரிக்கா மீனுங்க. குட்டையில இருக்கும். வெயிலுக்குக் குட்டை காஞ்சா மீனெல்லாம் செத்துரும். ஆனா முட்டை சேத்துக்குள்ள தூங்கும். மழை பேஞ்சு தண்ணி நிக்கற அன்னைக்குத்தான் பொரிக்கும்."

ஜான்சிபார் தீவில் இருந்த ஒரு குஜராத்திக்காரர் தபாலில் அனுப்பிய முட்டையிலிருந்து வந்த வம்சம் அது. அந்தத் தை மாதம் தீவில் கலகம் வந்து அவர் எங்கே போனார் என்றே தெரியவில்லை, போட்ட கடிதங்கள் திரும்பி வந்துவிட்டன. வெங்கடபதியிடம் இருந்த மீன்களுக்கும் ஆயுசு அவ்வளவுதான். பங்குனியிலேயே கடைசி ஆண் மீனும் போய்விட்டது. சிவந்த வாலும் நீலப் பச்சை உடம்புமாக அது தொட்டியில் திரும்புவதைப் பாலுசாமி பார்த்திருக்கிறார். இனி அந்த மீன் வேண்டுமென்றால் இந்த டின்தான்.

"உங்க ஊட்லயே வெக்கலாமில்லீங்க?"

"எங்க ஊட்ல இருவத்திரண்டு பேருங்க. வெள்ளிக்கிழமை கழுவறப்ப குப்பைன்னு வீசிப்போடுவாங்க. ஆடிப் பதினெட்டு அன்னைக்கு வந்துருவேன், நானே சிறுவாணித் தண்ணி கொண்டாந்து ஊத்தறேன். அதுவரைக்கும் ஒரு சொட்டு படக்கூடாதுங்க." கொஞ்சம் நிறுத்திவிட்டு வெங்கடபதி சொன்னார். "உங்ககிட்ட இருந்தா போகாதுங்ணா. எனக்குத் தெரியும்."

அந்த வீட்டிலிருந்து ஒருவர் அப்படிச் சொல்வார் என்று பாலுசாமி கனவிலும் நினைத்ததில்லை. டின்னை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். விதை அறையில், விதைப் போத்தல்களுக்குப் பக்கத்தில், எலி ஏறாத பலகையில் வைத்தார்.

வைகாசி முழுக்க ஒழுங்காகத்தான் இருந்தார். ஆனி பிறந்ததும் காற்று பிடித்துக்கொண்டது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற அந்தக் காற்று, காலையில் நனைத்த நாற்றங்காலை மத்தியானத்துக்குள் பொருபொருவென்று ஆக்கிவிடும். பாலுசாமி நாள் முழுக்கப் பூவாளியும் கையுமாக அலைந்தார். அப்படி ஒருநாள் மிளகாய் விதை எடுக்க உள்ளே போனவரின் கண்ணில் டின் பட்டது. இந்தக் காற்றில் உள்ளே என்ன ஆகியிருக்கும்? பார்த்தால் என்ன? பார்க்கக் கூடாது என்று தம்பி சொல்லவில்லையே!

முடிச்சை அவிழ்த்தார். ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் வைத்து இறுக்கினார், திறந்தார். உதிர்ந்தது. இன்னொரு பிடி. அதுவும் உதிர்ந்தது. காய்ந்துவிட்டது! நம்பிக் கொடுத்த பொருளைக் காயப் போட்டுவிட்டோமே!

நார்த்தூள் என்றைக்கு உருண்டை நின்றது? ஈரமாக இருந்தாலும் அது உதிரத்தான் செய்யும். இது பத்து வயதுப் பிள்ளைக்குத் தெரியும். பாலுசாமிக்கு அந்த நேரத்தில் தெரியவில்லை, அவர் கைக்குத் தெரிந்தது முப்பது வருட மண் ஒன்றுதான். ஒரு சொட்டு கூடாது என்று சொன்னது காதில் இருக்கத்தான் இருந்தது. ஆனால் நாற்றுக்காரனுக்குக் காய்ந்த பாத்தி முன்னால் நிற்பது, பசித்து அழுகிற பிள்ளைக்கு முன்னால் நிற்பது மாதிரி. சொம்பில் பாதித் தண்ணீரைச் சுற்றி ஊற்றினார். அது குடித்தது. மீதியையும் ஊற்றினார். விரற்கடை உயரம் தண்ணீர் நின்றது. சற்றே சாய்த்து வடித்துவிட்டு மூடினார். அன்று மத்தியானம் வயிறார, நிம்மதியாகச் சாப்பிட்டார் மனுஷர். அதை நினைத்தால்தான் எனக்குக் கோபம் வருகிறது.

மறுநாள் விடிந்ததும் ஈரம் எப்படியிருக்கிறது என்று திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். வடியாமல் நின்ற தண்ணீரில் புள்ளி புள்ளியாக ஏதோ மின்னியது. அது நகர்ந்தது. மயிலாத்தாள் கதவருகில் வந்து எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்க, டின்னுக்குள்ள என்ன கண்ணு கண்ணா மின்னுது?"

அவர் டின்னைக் கையால் மறைத்தார்.

"தண்ணி ஊத்திப்போட்டீங்களா?"

"காஞ்சு போச்சு மயிலா."

"அய்யோ சாமி! ஆடிப் பதினெட்டுக்கு இன்னும் ஒண்ணேகால் மாசம் இருக்குதுங்களே!"

பாலுசாமி விதை மூட்டை மேல் உட்கார்ந்தார். வழக்கு நடந்த காலத்தில்கூட அவர் இப்படிப் பயந்ததில்லை. வெங்கடபதி என்ன நினைப்பார்? மறந்துபோய் ஊற்றினான் என்று நினைப்பாரா? ஆறு வருடப் பகையை மனதில் வைத்துக்கொண்டு வேண்டுமென்றே கொன்றுவிட்டான் என்றல்லவா நினைப்பார். அவர் நினைக்காவிட்டாலும் அவர் அண்ணன் நினைக்க வைப்பார்.

"பம்பாய்க்கு ஒரு தந்தி அடிச்சுப்போடுங்க. என்ன பண்றதுன்னு அவரே சொல்லட்டும்" என்றாள் மயிலாத்தாள்.

"விலாசம் யாருகிட்ட இருக்குது? மில் ஆபீசுல. பெரியவரு கண்ணுல படாம ஒரு காயிதம் அங்கிருந்து போகுமா?"

அவள் அடுக்களைக்குள் போய்ப் பாத்திரம் தேடினாள்.

அகலமான தாழி ஒன்றைக் கழுவி, கிணற்றுத் தண்ணீரை வெயிலில் வைத்து ஊற்றி, கரண்டியால் ஒவ்வொன்றாக அள்ளி விட்டார்கள். முப்பத்து நாலு. பஞ்சு நூலில் ஒரு துணுக்கைக் கிள்ளி இரண்டு கண் வைத்தது போல இருந்தன. பாதிக்கு மேல் நீந்தவே இல்லை. அடியில் வயிற்றால் உந்தி உந்தித் தவழ்ந்தன. எதைத் தின்னும்? வைக்கோல் ஊறிய தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத பூச்சி உண்டாகும், குஞ்சுக்கு அதைத்தான் கொடுப்பேன் என்று வெங்கடபதி எப்போதோ சொன்னது நினைவு வந்தது. வைக்கோலை ஊறவைத்தார். அது நாற இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளில் பதினைந்து போய்விட்டன.

தவழ்ந்தவை ஒன்றுகூட மிஞ்சவில்லை. பாலுசாமி ஒவ்வொரு காலையும் தாழிக்கு முன்னால் குந்திக்கொண்டு எண்ணுவார். பத்தொன்பது. பதினொன்று. மாட்டுத் தொட்டியில் குதிக்கிற சின்னப் பூச்சிகளை மயிலாத்தாளின் பழைய மெல்லிய நூல்சேலையில் வடிகட்டிக் கொண்டுவந்து விடுவார். எண்ணிக்கை ஏறுவதாக இல்லை.

இதற்கிடையில் அவர் இன்னொரு காரியமும் செய்தார். அதைச் சொல்ல எனக்கே சங்கடமாக இருக்கிறது. டின்னில் மிஞ்சிய நார்த்தூளைத் துணியில் போட்டுப் பிழிந்தார். முறத்தில் பரப்பி நிழலில் வைத்தார். பழைய பதத்துக்கு வந்ததும் அதே டின்னில் போட்டு, அதே மெழுகுத்தாளை வைத்து, அதே நூலால் கட்டினார்.

"எதுக்குங்க அதை மறுக்கா கட்டறீங்க?" என்றாள் மயிலாத்தாள்.

"தம்பி வந்து அவரே தண்ணி ஊத்தட்டும். ஒண்ணும் வராது. முட்டை கெட்டுப்போச்சுன்னு போயிருவாரு."

அவள் அவரையே பார்த்தாள். "அப்ப தாழியில நீந்தறது?"

"அதுக்குள்ள அதுவும் செத்துப்போயிரும்."

சொல்லிவிட்டாரே தவிர, மறுநாள் காலை மாட்டுத் தொட்டிக்குப் பூச்சி பிடிக்கப் போனதும் அவர்தான். உயிரோடு இருக்கிற ஒவ்வொரு மீனும் அவருக்கு எதிரான சாட்சி என்று அவருக்குத் தெரியும். போகட்டும் என்று விட மனசு வரவில்லை, வாழட்டும் என்று கும்பிடவும் தைரியம் வரவில்லை. சோறு பாதி இலையிலேயே நின்றது. ராத்திரியில் படுத்தால் வேலிக்கு அந்தப்பக்கம் மோட்டார் ஓடுகிற சத்தம் நெஞ்சுக்குள் ஓடுவது போல இருந்தது.

ஆடி முதல் வாரத்தில் சென்னகேசவனின் கார் வேலியோரம் வந்து நின்றது. அவர் இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கிவிட்டு, சிரித்த முகமாகக் கூப்பிட்டார்.

"ஏனுங் கவுண்டரே, தம்பி ஏதோ டின்னு ஒண்ணு உங்ககிட்டக் குடுத்துட்டுப் போனானாமே?"

பாலுசாமி தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். "ஆமாங்க."

"பத்திரமா இருக்குதுங்களா?"

"பத்திரமா இருக்குதுங்க."

"இருந்தா நல்லதுங்க. தோட்டத்துக்காரங்ககிட்டக் குடுத்தா வெதைன்னு தண்ணி காட்டிப்போடுவாங்கடான்னு சொன்னேன். கேக்கல. உங்க மேல அவனுக்கு அத்தனை நம்பிக்கை. அந்த நம்பிக்கையிலதான காலையில மோட்டாரும் நிக்குது?" என்றவர், கொஞ்சம் நிறுத்திவிட்டு, "ஒண்ணுல போனா இன்னொண்ணுலயும் போகுமில்லீங்க" என்றார்.

கார் புழுதி கிளப்பிக்கொண்டு போனது. பாலுசாமி நாற்றங்காலில் போய் உட்கார்ந்தார். கை தன்பாட்டுக்கு மண்ணை அள்ளியது. அந்தக் கையை ஓங்கி ஒரு அடி அடித்தார்.

ஆடிப் பதினேழாம் தேதி தாழியில் இரண்டே இரண்டு மீன் இருந்தன. ஒரு அங்குலத்துக்கு மேலே வளர்ந்து, கொசுப் புழுவைப் பாய்ந்து பிடித்தன. இரண்டும் சாம்பல் நிறம். வாலில் ஒரு பொட்டுச் சிவப்பு இல்லை. இரண்டும் பெண் என்று அவருக்கே தெரிந்தது. ஆண் ஒன்று இருந்திருந்தால் தாழியைத் தூக்கிக்கொண்டு போய், "தம்பி, பாருங்க" என்று காட்டியிருக்கலாம். இரண்டு பெண் மீனை வைத்துக்கொண்டு என்ன செய்வது? தாழியை வீட்டுக்குப் பின்னால் பொடக்காளியில் வைத்துச் சாக்கைப் போட்டு மூடினார்.

மறுநாள் ஆடிப் பதினெட்டு. மயிலாத்தாள் விடியலிலேயே கிணற்றடியைப் பெருக்கிக் கோலம் போட்டு, எலுமிச்சைச் சோறும் தயிர்ச்சோறும் கட்டி வைத்திருந்தாள். ஏழு மணிக்கு வெங்கடபதி வந்தார். காரின் பின்சீட்டில் பித்தளைக் குடம், குடத்தில் சிறுவாணித் தண்ணீர். கையில் வெள்ளை எனாமல் பேசின். பம்பாய் அலைச்சலில் முகம் கறுத்திருந்தது, ஆனால் சிரிப்பு அதே சிரிப்பு.

"எங்கீங்ணா நம்ம பொருளு?"

பாலுசாமி டின்னை எடுத்துவந்து கொடுத்தார். வெங்கடபதி நூலை அவிழ்க்கக் குனிந்தவர், முடிச்சின் மேல் விரலை வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் அப்படியே இருந்தார். பிறகு நகத்தால் நெம்பி அவிழ்த்தார். நார்த்தூளைப் பேசினில் கொட்டி, குடத்துத் தண்ணீரை மெல்ல ஊற்றினார். தூள் மேலே மிதந்தது, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

"ஒண்ணு ரெண்டு மணி நேரம் ஆகுமுங்க" என்று சொல்லி, பேசினுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

பாலுசாமியும் எதிரில் உட்கார்ந்தார். எட்டு மணி ஆனது. வெங்கடபதி பேசினை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மயிலாத்தாள் இரண்டு தடவை மோர் கொண்டுவந்து வைத்தாள். இரண்டு தடவையும் புருஷனின் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனாள். தண்ணீர் அசையாமல் கிடந்தது. வெங்கடபதி குனிந்து குனிந்து பார்ப்பார், மூச்சு பட்டுத் தண்ணீர் கலங்கக் கூடாதென்று தலையை நிமிர்த்துவார். எட்டரை. ஒன்பது. ஒன்றும் வராத தண்ணீருக்கு முன்னால் ஒருவரை இப்படி உட்கார வைத்திருக்கிறோமே என்று பாலுசாமிக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

"தம்பி, எந்திரிங்க" என்றார். "அதுல ஒண்ணும் வராதுங்க. ஆனியிலயே நான் தண்ணி ஊத்திப்போட்டேன்."

பிறகு நிறுத்த முடியவில்லை. உருண்டை நிற்காதது, சொம்பு, முப்பத்து நாலு குஞ்சு, வைக்கோல் தண்ணீர், பிழிந்து காயவைத்து மறுபடி கட்டியது எல்லாவற்றையும் கொட்டினார். எழுந்து போய்ப் பொடக்காளியிலிருந்து தாழியைத் தூக்கிவந்து முன்னால் வைத்தார்.

"மிஞ்சினது இது ரெண்டுதானுங்க. ரெண்டும் பொட்டை. உங்கள ஏமாத்தோணும்னுதான் அந்த டின்னைக் கட்டினேன். நாளையிலிருந்து மோட்டாரக் காலையில போட்டுக்கச் சொல்லுங்க. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்."

வெங்கடபதி தாழியைப் பார்த்தார்.

"முடிச்சைத் தொட்டதுமே தெரிஞ்சுதுங்ணா" என்றார். "நான் போட்டது மில் முடிச்சுங்க, அறுந்த நூலுக்குப் போடறது. இது மாடு கட்டற முடிச்சு. நீங்களே சொல்லுவீங்களான்னு பாத்துட்டு இருந்தேன். சொல்லாட்டி நானும் சொல்லாம போயிருக்கலாம்."

"என்னத்தச் சொல்லாம?"

வெங்கடபதி முகத்தைத் துடைத்துக்கொண்டார். "உங்ககிட்ட இருந்தா போகாதுன்னு சொன்னனுங்களே, அது பாதிதானுங்க நெசம். தூளை ரெண்டாப் பிரிச்சு ஒரு பங்கைத்தான் உங்ககிட்டக் குடுத்தேன். இன்னொரு பங்கு மில் ஆபீசு பீரோவுல இருந்துது. அண்ணன் சொல்லிச் சொல்லி எனக்கும் ஒரு சந்தேகம். நேத்து வந்ததும் தொறந்து பாத்தேன். வெள்ளையாப் பூசணம் புடிச்சு, ஒரு முட்டை மிச்சமில்லீங்க."

பாலுசாமிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் ரத்தம் தலைக்கு ஏறியது.

"பாதியா? நாப்பது நாளா எனக்குச் சோறு எறங்குல. உங்க அண்ணன் காருல வந்து மெரட்டிட்டுப் போறாரு, நம்பிக் குடுத்தீங்களேன்னு பல்லைக் கடிச்சுட்டு நிக்கறேன். நீங்க பாதியப் பீரோவுல வெச்சுப் பூட்டிட்டுப் போனீங்களா?"

"ஆமாங்ணா."

"அந்தப் பேச்ச அன்னைக்கே சொல்லியிருந்தா நான் இந்தப் பொய்யக் கட்டியிருப்பனா?"

"தெரியலீங்க. அன்னைக்குச் சொல்ல எனக்கும் தைரியம் வரலீங்க."

இரண்டு பேரும் எழுந்து நின்றிருந்தார்கள். வழக்கு நடந்தபோது கோர்ட் வாசலில் நின்றது போலவே இருந்தது. பேசினுக்குப் பக்கத்தில் குனிந்திருந்த மயிலாத்தாள்தான் குரல் கொடுத்தாள்.

"சண்டைய அப்பறமேலு போடுங்க. இங்க வந்து பாருங்க ரெண்டு பேரும்."

வெள்ளைப் பேசினின் ஓரத்தில் ஒரு புள்ளி மின்னியது. நகர்ந்தது. பக்கத்தில் இன்னொன்று. தூளுக்கடியிலிருந்து ஒன்று விசுக்கென்று மேலே வந்து, தண்ணீரின் பரப்பை முட்டி, நேராக நீந்திப் போனது. தவழவில்லை. பாலுசாமி மண்டியிட்டார். ஆறு. ஒன்பது. எண்ண எண்ணக் கண் மறைத்தது. வேட்டித் தலைப்பால் துடைத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து எண்ணினார்.

"செத்துப்போச்சுன்னு நெனச்சனே தம்பி. இது எப்படீங்க?"

"எல்லா முட்டையும் மொதல் மழைய நம்பறதில்லீங்ணா" என்றார் வெங்கடபதி. அவர் குரலும் சரியாக இல்லை. "குட்டை மறுக்காக் காஞ்சு போயிட்டா வம்சமே போயிருமில்லீங்க? அதனால கொஞ்சம் முட்டை அப்படியே கெடக்கும், அடுத்த தண்ணிக்கு. ஆனா நடுவுல காயோணும். நீங்க பிழிஞ்சு காய வெச்சீங்களே, அதுதானுங்க இதைப் பொழைக்க வெச்சுது. தூக்கி எறிஞ்சிருந்தா ஒண்ணுமில்ல."

"உங்கள ஏமாத்தக் காய வெச்சேன்."

"அது முட்டைக்குத் தெரியாதுங்களே."

பாலுசாமிக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் கூடவே வந்தது. மயிலாத்தாள் தாழியையும் பேசினையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "தாழியில இருக்கற பொண்ணுக ரெண்டுக்கும் மாப்பிள்ளை இதுல இருந்துதான் வரோணுமாட்ட இருக்குது. வயசு கொஞ்சம் கம்மி. பரவால்லீங்" என்றாள்.

குஞ்சுகளைக் கரண்டியால் அள்ளிக் குடத்துத் தண்ணீருக்கு மாற்றினார்கள். இருபத்திரண்டு. பேசினில் மிஞ்சிய தூளை வெங்கடபதி கையால் அளைந்தார்.

"இதுலயும் இன்னும் கொஞ்சம் முட்டை தூங்குமுங்க. பிழிஞ்சு காய வெச்சு மறுக்காக் கட்டோணும். இந்தத் தடவ முழுசா உங்க ஊட்லயே இருக்கட்டுங்ணா. மோட்டாரும் காலையில எப்பவும் போல நிக்குமுங்க."

பாலுசாமி தூளைப் பிழிந்து முறத்தில் பரப்பினார். கையால் நடுவில் ஒரு கோடு கிழித்து இரண்டாகப் பிரித்தார். கூடக் குறைய இருக்கிறதா என்று பார்த்து, ஒரு பக்கத்திலிருந்து சிட்டிகை எடுத்து மறுபக்கம் போட்டார்.

"பாதி நீங்க வையுங்க, பாதி நான் வெக்கறேன். என்ற கைய நானே நம்ப மாட்டேன், உங்க பீரோவையும் நம்ப முடியல. பங்கு பிரிச்சவன் நான். நீங்க மொதல்ல எடுங்க."

பாகம் பிரிக்கிற முறை அதுதான். ஒருவர் பிரித்தால் மற்றவர்தான் முதலில் எடுப்பார். வெங்கடபதி யோசிக்காமல் தன் பக்கம் இருந்த குவியலைத் தொட்டார்.

காய்கிற வரைக்கும் கிணற்றடியில் உட்கார்ந்து எலுமிச்சைச் சோறு சாப்பிட்டார்கள். ஆடிக் காற்றில் தூள் சீக்கிரம் பதத்துக்கு வந்தது. ஒரு பங்கு டின்னுக்குள் போனது, இன்னொரு பங்குக்கு மயிலாத்தாள் விதைப் போத்தல் ஒன்றைக் காலிசெய்து கொடுத்தாள். கட்டுகிற நேரத்தில் பாலுசாமி தன் டின்னையும் நூலையும் வெங்கடபதி பக்கம் நகர்த்தினார்.

"என்னுதை நீங்க கட்டுங்க. உங்குளுதை நான் கட்டறேன்."

வெங்கடபதி அவரை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு குனிந்து, டின்னைச் சுற்றி நூலை ஓட்டி, மில் முடிச்சைப் போட்டார். பாலுசாமி போத்தலின் வாயில் துணியை வைத்து மாடு கட்டுகிற முடிச்சைப் போட்டு இறுக்கினார்.

அப்போதுதான் மில் சங்கு ஊதியது. மணி பன்னிரண்டு. வேலிக்கு அந்தப்பக்கம் மோட்டார் ஓடத் தொடங்கியது. பாலுசாமி டின்னை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அந்தச் சத்தத்தைக் கேட்டபடி இன்னும் கொஞ்சம் எலுமிச்சைச் சோறு போடச் சொன்னார்.